பாடசாலைச் சங்கத்துக்குள் கட்சியின் கை: மட்டக்களப்பிலும் ரொறன்ரோவிலும்

இலங்கையில் பாடசாலைகளை நடத்துவதற்கென்று மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் கல்விச் சபை கிடையாது. ரொறன்ரோவில் உண்டு. ஸ்காபறோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் எமது உறவினர்கள் நான்கு ஆண்டுக்கொரு தடவை மேயருக்கும் நகரசபை உறுப்பினருக்கும் போடும் அதே வாக்குச்சீட்டில் கல்விச் சபை உறுப்பினர் ஒருவருக்கும் புள்ளடி இடுகிறார்கள். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் அதற்குக் கிட்டியதாக இருப்பது பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மட்டுந்தான். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தி அதன் நிருவாகத்தைத் தெரிவு செய்கிறோம். அங்கே கட்சி எப்படி நுழைகிறது, இங்கே எப்படி நுழைகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

1960க்கு முன்னர் எங்கள் பாடசாலைகளில் பெரும்பகுதி மிஷன்களின் முகாமையில் இருந்தது. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது. புனித மிக்கேல் கல்லூரி கத்தோலிக்க மிஷனுடையது. கிராமப் பாடசாலைகள் பலவற்றை, சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால், இராமகிருஷ்ண மிஷன் நடத்தியது. ஆசிரியரை நியமிப்பதும் விலக்குவதும் முகாமையாளரின் கையில் இருந்தன. பெற்றோரிடம் யாரும் கேட்டதில்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசிடம் கொண்டுபோயின. மதமும் சாதியும் பார்த்து அடைக்கப்பட்ட கதவுகள் சில அதனால் திறந்தது உண்மை. ஆனால் முகாமையாளர் இருந்த கதிரையில் பெற்றோர் வந்து அமரவில்லை, பாராளுமன்ற உறுப்பினர் அமர்ந்தார். இடமாற்றத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் எம்.பி.யின் கடிதம் தேடும் பழக்கம் அப்போது வேர்பிடித்தது.

சட்டப்படி ஒரு சபையை அமைக்கும் முயற்சியும் நடந்தது. 1993ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கப் பாடசாலை அபிவிருத்திச் சபைகள் சட்டத்தை ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் கொண்டுவந்தது. ஆசிரியர் தொழிற்சங்கங்கள் அதை விரும்பவில்லை. 1994இல் ஆட்சி மாறியதும் நடைமுறையில் கைவிடப்பட்டது. பிறகு 2006இலிருந்து பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் படிப்படியாக வந்தது. அதன் கீழ் அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், வலயக் கல்வி அலுவலகப் பிரதிநிதி ஆகியோர் கொண்ட அபிவிருத்திக் குழு உருவானது. சுற்றறிக்கையின் கீழ் இயங்கும் அபிவிருத்திச் சங்கமும் கூடவே தொடர்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு பெற்றோர் பலருக்குத் தெரியாது, அதில் அவர்களின் குற்றமும் இல்லை.

சங்கத்தின் தலைவர் அதிபர்தான், அது பதவி வழி வருவது. தெரிவு நடப்பது செயலாளருக்கும் நிருவாகக் குழுவுக்கும். செயலாளர் பெரும்பாலும் பெற்றோர் அல்லது பழைய மாணவர் தரப்பிலிருந்து வருவார். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் உறுப்பினராகலாம். இந்த 'நலன்விரும்பி' என்ற சொல்லின் வழியாகத்தான் கட்சிக்காரர் உள்ளே வருகிறார். பிள்ளை அங்கே படிக்க வேண்டியதில்லை, சந்தாவைக் கட்டியிருந்தால் போதும்.

கூட்டம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். படுவான்கரையில் வேளாண்மை வெட்டும் காலத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகும் தாய் வரமாட்டார். தாய் மத்திய கிழக்கில் இருக்கும் வீட்டிலிருந்து அம்மம்மா வருவார், கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒப்பமிட்டுப் போவார். ஒருவர் பெயரை முன்மொழிய மற்றவர் வழிமொழிவார், ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். முதல் நாள் இரவே யார் யார் என்று பேசி முடித்திருந்தால் கூட்டத்தில் போட்டியே இராது. கட்சியின் தொண்டர் கொடியோடு வருவதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் கோயில் பரிபாலன சபையிலும் விளையாட்டுக் கழகத்திலும் இருக்கும் அதே ஆள்தான் இங்கேயும் இருப்பார். எல்லோருக்கும் ஓடியாடி உதவி செய்பவராகவும் இருப்பார். அதனால்தான் அவரைக் குறைசொல்லவும் முடிவதில்லை.

இதில் என்ன கிடைக்கிறது என்று கேட்கலாம். சிறு கட்டட வேலைகளும் திருத்த வேலைகளும் சங்கத்தின் மூலம் செய்யப்படுவதுண்டு. வசதிக் கட்டணமும் நன்கொடையும் சேர்கின்றன. பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து கதிரை, மேசை, ஒலிபெருக்கி வேண்டுமென்று பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் போவதும் சங்கத்தின் பெயரில்தான். கடிதம் எழுதியவர் யார் என்பது அங்கே கவனிக்கப்படும். நிதி வந்தால் பரிசளிப்பு விழாவில் பிரதம அதிதி, மாலை, பாண்டு வாத்தியம், சுவரில் பெயர்ப்பலகை. கனடாவில் கட்சிக்காரர் வேட்பாளரை ஆதரிக்கிறார்கள். இங்கே திசை மாறி, பாடசாலையே கட்சியை ஆதரிப்பதுபோல் நிறுத்தப்படுகிறது. வெயிலில் வரிசையில் நின்று கைதட்டும் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கிடையாது.

கூட்டத்தில் பெற்றோர் வாய் திறக்காததை அக்கறையின்மை என்று சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயம். இந்த மாவட்டத்தில் பாடசாலைக்குப் போன பிள்ளை திரும்பி வராத காலம் இருந்தது. விடுதலைப் புலிகளும், 2004 பிளவின் பின் கருணா தரப்பும் சிறுவர்களைச் சேர்த்தது பதிவாகியுள்ளது. 2006-2007 இடப்பெயர்வில் வகுப்பறைகளே அகதி முகாம்கள். 2008 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தலும் மே மாதத்தில் மாகாண சபைத் தேர்தலும் நடந்தபோது, வெற்றிபெற்ற தரப்பில் இருந்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி இன்னும் ஆயுதத்தைக் கீழே வைத்திருக்கவில்லை. அந்த நாட்களில் ஒரு குழுவுக்குப் பெயர் கொடுப்பது என்பது ஒரு பட்டியலில் ஏறுவது. பட்டியல்களின் மேல் எம்மவருக்கு இருக்கும் பயம் பதினைந்து வருடத்தில் போய்விடாது. இன்று வரும் தொண்டரிடம் துவக்கு இல்லை, கைத்தொலைபேசிதான் இருக்கிறது. ஆனாலும் அவர் படம் எடுக்கும்போது பின்வரிசைக்கு நகர்ந்துவிடும் தாய்மாரைப் பார்க்கலாம்.

மேலே பொறுப்புக் கூற ஆளில்லாததும் ஒரு காரணம். 13ஆவது திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாண சபைக்கு உரியவை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்ரெம்பர் 30இல் முடிந்தது. கடைசி மாகாணக் கல்வி அமைச்சர் சி. தண்டாயுதபாணி. அதன் பிறகு மாகாணத்தில் நிருவாகம் ஆளுநரிடம். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்ற ஐந்து வலயங்களிலும் ஆசிரியர் பற்றாக்குறை பற்றிக் கேட்பதற்குத் தெரிவு செய்யப்பட்ட மாகாண உறுப்பினர் எவருமில்லாத அந்த வெற்றிடத்தைப் பாராளுமன்ற உறுப்பினர்களும் அவர்களின் இணைப்பாளர்களும் நிரப்புகிறார்கள். 2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 22 மாவட்டங்களில் 21ஐ வென்றது, தவறியது மட்டக்களப்பு ஒன்றே. இங்கே தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனங்கள். ஆளும் தரப்பும் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற தரப்பும் வேறாக இருக்கும்போது, கிராமத்துப் பாடசாலை அதிபர் இரண்டு பக்கமும் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது.

இனி ரொறன்ரோ. ஒன்ராறியோ மாகாணத்தில் கல்விச் சபைத் தேர்தல் வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் வராது. ஆனால் வீடு வீடாகப் போவோர், தொலைபேசி எடுப்போர், துண்டுப்பிரசுரம் போடுவோர் பலர் கட்சிகளில் பழகியவர்களே. தொழிற்சங்கப் பேரவை தான் ஆதரிக்கும் வேட்பாளர்களின் பட்டியலை வெளியிடுவதும் வழக்கம். நீதன் சண் 2006இல் யோர்க் கல்விச் சபைக்கும் 2016 இடைத்தேர்தலில் ரொறன்ரோ கல்விச் சபைக்கும் தெரிவானார். இடையில் புதிய ஜனநாயகக் கட்சியின் ஒன்ராறியோத் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார், மாகாணத் தேர்தல்களிலும் நின்றார். யுவனிதா நாதன், பார்த்தி கந்தவேள் ஆகியோரும் கல்விச் சபை வழியாகவே பொதுவாழ்வுக்கு வந்தவர்கள். சபை சிலருக்குப் படிக்கட்டு என்று அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. எனினும் யார் யாரை ஆதரிக்கிறார் என்பது வெளியில் தெரிகிறது, வேட்பாளர் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். எங்கள் கூட்டங்களில் இல்லாதது இதுதான்.

அங்கேயும் எல்லாம் நிறைவென்று எண்ண வேண்டாம். 1997இல் கல்விச் சபைகளின் வரி அதிகாரத்தை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. 2025 யூன் மாதத்தில் ரொறன்ரோ உட்படச் சில சபைகளின் மேல் மாகாண அரசு மேற்பார்வையாளர்களை நியமித்து, தெரிவானவர்களின் அதிகாரத்தை நிறுத்தியது. ஆளுநர் ஆட்சியில் வாழும் எமக்கு இது புதிய கதையல்ல. தமிழ்நாடு வேறு வழியில் போகிறது. இந்தியக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். வெளியிலிருந்து வரும் நலன்விரும்பிகள் கூட்டத்தை நிரப்ப இடமில்லாத கணக்கு அது. பெண் தலைமைக் குடும்பங்கள் இத்தனை உள்ள எமது மாவட்டத்துக்கு ரொறன்ரோவை விட இந்த ஏற்பாடே பொருந்தும் என்பது என் எண்ணம்.

இப்போது இருக்கும் விதிகளுக்குள்ளேயே சில காரியங்கள் செய்யலாம். பொதுக்கூட்டத்தின் திகதியையும் நேரத்தையும் மாற்றச் சொல்லி அதிபருக்குப் பெற்றோர் எழுத்தில் கேட்கலாம். சென்ற கூட்ட அறிக்கையையும் கணக்கையும் வாசிக்காமல் தெரிவுக்குப் போக வேண்டாமென்று எழுந்து சொல்லலாம். அரச உத்தியோகத்தரின் அரசியல் உரிமைகளைத் தாபன விதிக்கோவையின் 32ஆம் அத்தியாயம் வரையறுக்கிறது. தேர்தல் காலத்தில் பாடசாலை வளாகத்தில் கட்சி வேலை நடந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முறையிடலாம். கணக்கைக் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை.