லோரிக்கு நம்பர் இருக்கு, தாத்தாவுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துப் படிங்க.

போன மாசம் இரண்டாம் உலகப் போர் காலத்து ராணுவ லோரி ஒன்றைப் பார்த்தேன். அதை வாங்கிப் பழுது பார்த்து ஓட வைத்திருப்பவர், பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டிக் காட்டினார். அடியில் 'எல்' என்ற எழுத்தும் ஒரு நம்பரும் இருந்தது. அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் லோரிக்கு 'எல்', மோட்டார் சைக்கிளுக்கு 'சி'. 1949-ல் நம்பர் முறையை மாத்திட்டாங்க. பழைய நம்பர் பெயிண்டுக்குள்ளே மறைஞ்சு போச்சு. உள்ளே இருந்த தகட்டில் கனடா என்று போட்டிருந்தது. அந்தப் போருக்கு கனடா மட்டும் 800,000-க்கு மேல் ராணுவ வண்டிகள் செய்தது. ஃபோர்டும் செவர்லேயும்தான் நிறைய.

எந்தப் படையில் ஓடியதுன்னு அவர் இன்னும் தேடுறார். கண்டுபிடிச்சிடுவார். நான் ஃபேக்டரிக்காரன், எனக்குத் தெரியும். நம்பர் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நம்ம வட்டாரமும் இந்த லோரிகளைப் பார்த்ததுதான். 1942 ஜனவரி 2-ல் ஜப்பான்காரன் கோலசிலாங்கூரில் இறங்கப் பார்த்தான், பீரங்கியால் அடித்து விரட்டினார்கள். ஆனால் ஜனவரி 7-ல் வடக்கே ஸ்லிம் ரிவரில் அவனுடைய டாங்கிகள் இந்தியப் படைகளை உடைத்துக்கொண்டு வந்துவிட்டன. விட்டுட்டுப் போன லோரிகளை அவனே எடுத்து ஓட்டினான். 1945 செப்டம்பர் 9-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்து மோரிப்பில் இறங்கியபோது, அவன் வண்டிகள் சேற்றில் சிக்கிக்கொண்டன. இதெல்லாம் எழுதி வைத்த சரித்திரம்.

இடையில் தோட்டத்துக்கு வந்த லோரிகளை யார் எழுதினார்கள்? சயாமுக்கு ஆள் பிடிக்க வந்த லோரிகள். சத்தம் கேட்டாலே ஆம்பிளைங்க ரப்பர் காட்டுக்குள்ளே ஓடுவாங்கன்னு பாட்டி சொல்வார். என் தாத்தா ஓடவில்லை. அப்பாவுக்கு அப்போ மூணு வயசு.

415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் கைதிகளாக இறந்த சிப்பாய்கள் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு வரிசையாகக் கல் இருக்கிறது. நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை, பேரும் இல்லை.

லோரிக்கு நம்பர் போட்டவன் அதில் ஏத்தின மனுஷனுக்குப் போடலை. இனி நாம்தான் போடணும்.

உங்க குடும்பத்தில் சயாம் போனவர் இருந்தால் பேர், அப்பா பேர், தோட்டம், தெரிந்தால் வருஷம், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி கோயிலில் என்னிடம் கொடுங்க. திரும்பி வந்தவர் பேரையும் எழுதுங்க. ஆடி அமாவாசை அன்று எல்லாப் பேரையும் வாசித்து விளக்கேற்றுவோம். வீட்டில் 80 வயசு தாண்டியவர் இருந்தால் இன்றைக்கே கேளுங்க. நான் அப்பாவிடம் கேட்கத் தள்ளிப்போட்டேன், இப்போ கேட்க ஆள் இல்லை.