கறுப்பு வெள்ளைக் கட்டம் யாருடையது?

சதுரங்கம் பாரதம் உலகுக்கு அளித்த கொடை. அதன் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் நம்முடையவைதானா?

பதஞ்ஜலியின் மஹாபாஷ்யம் குறிப்பிடும் ‘அஷ்டாபதம்’ எட்டுக்கு எட்டு, 64 கட்டங்கள் கொண்டது. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் ஹர்ஷசரிதத்தில் அதைச் சதுரங்கத்தோடு சேர்த்தே சொல்கிறார். நமது பலகை ஒரே நிறம். சில கட்டங்களில் மட்டும் பெருக்கல் குறி. அது பழைய பகடை ஆட்டத்தின் மிச்சம் என்பர் ஆய்வாளர்.

ஆட்டம் பாரசீகர், அரபியர் வழியாக ஐரோப்பா சென்றது. சுவிட்சர்லாந்தின் ஐன்ஸீடெல்ன் மடாலயத்தின் 10ஆம் நூற்றாண்டு இறுதிச் சுவடியில்தான் இருநிறப் பலகை பேசப்படுகிறது. குறுக்காகச் செல்லும் காயைக் கண் எளிதில் தொடர நிறம் உதவுகிறது.

2022 ஒலிம்பியாடின்போது சென்னை நேப்பியர் பாலம் பூண்ட கோலத்தில் கட்டம் நம்முடையது, வர்ணம் அவர்களுடையது. குழந்தைகளுக்கு இரண்டையும் சொல்வோம். உண்மையால் பெருமை குறையாது.