தோட்டத்தில் வயதை அறிந்த விதம்



ஒரு பிள்ளைக்கு வயது என்ன என்று யாரேனும் கேட்டால், இன்று நாம் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் காட்டுகிறோம். ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில் அந்தத் தாள் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. அப்போது பிள்ளையின் உடம்பே பத்திரமாக இருந்தது. பள்ளியில் சேர்க்க வந்த பையனை ஆசிரியர் முன்னால் நிறுத்தி, வலக் கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும். தொடாவிட்டால், "அடுத்த வருஷம் கூட்டி வாம்மா" என்று தாயிடம் சொல்லி அனுப்பிவிடுவார். தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கிருந்து வந்தவர்கள் இதையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள் என்று கொள்ளலாம்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இதில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலைதான். வளர்ந்த மனிதனிடம் அது எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தலை முந்தி வளர்ந்துவிடும். கையும் காலும் பிந்தி நீளும். ஆறு வயதுக்குள் மூளை பெரும்பாலும் தன் முழு அளவை நெருங்கிவிடுகிறது. அதன்பின் தலை அதிகம் பெருப்பதில்லை, கையோ நீண்டுகொண்டே போகிறது. அந்தக் கை தலையைச் சுற்றி மறுகாதை எட்டும் வேளை ஆறு, ஏழு வயதில் வாய்க்கிறது. பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கத் தொடங்குவதும் அதே வயதில்தான். ஆகவே பல்லையும் பார்த்துக்கொள்வார்கள். குறை ஒன்று உண்டு. சரியான ஊட்டமின்றிக் குறுகிப்போன பிள்ளைக்குக் கை எட்டாது. வயது வந்தும் அவன் ஓராண்டு வெளியே நிற்க நேரும்.

வளர்ச்சியை உடலைப் பார்த்துச் சொல்வது நமக்குப் புதிதன்று. நம் புலவர்கள் பிள்ளைத்தமிழில் குழந்தையைப் பருவம் பருவமாகப் பாடினார்கள். கையையும் முழந்தாளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இரு கை சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. இன்றைய மருத்துவரும் கிளினிக்கில் தாயிடம் இதையேதான் கேட்கிறார்: தலை நின்றதா, உட்கார்ந்தானா, நடந்தானா? பெண்ணுக்கும் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்தார்கள். ஆனால் அந்த வரிசை நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறது. நாற்பதுக்கு மேற்பட்ட பெண்ணுக்குப் புலவர்கள் ஏன் பெயர் வைக்கவில்லை என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

தோட்ட முதலாளிகளும் மனித வாழ்வை இப்படித்தான் வெட்டிப் பார்த்தார்கள். 1909ஆம் ஆண்டில் ஜொகூர் வழியாக இரயில் பாதை முழுமை பெற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அதன் இருமருங்கும் ரப்பர் பரவியது. காட்டை வெட்டவும் மரம் சீவவும் கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் வாலிப வயதினர். தொட்டில் பருவமும் முதுமையும் ஊரிலேயே தங்கிவிட்டன. அவர்களைப் பெற்று, ஊட்டி, வளர்த்து ஆளாக்கிய செலவு கிராமத்தின் கணக்கு. உழைத்துக் கொடுக்கும் ஆண்டுகள் மட்டும் தோட்டத்தின் கணக்கு. உடல் தளர்ந்தவர்களை இந்தியக் குடியேற்ற நிதியின் செலவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1930ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை சரிந்தபோது வலுவுள்ளவர்களும் ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதன்பின்தான் தோட்டம் தன் தொழிலாளியைத் தன் மண்ணிலேயே பிறப்பித்து வளர்க்க வேண்டியதாயிற்று. 1947ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது மலாயா இந்தியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள்.

பிறந்த பிள்ளை பிழைப்பதே அன்று பெரும்பாடு. நல்ல நிலையில் பிறந்த குழந்தை மூன்று கிலோ இருக்கும். ஐந்து மாதத்தில் இரு மடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் கனக்கும். வாழ்நாளில் வேறு எந்த ஆண்டிலும் மனிதன் அவ்வளவு விரைவாக வளர்வதில்லை. அந்த ஓராண்டில் தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போயாக வேண்டும். பிள்ளை ஆயாக் கொட்டகையில், சேலைத் தொட்டிலில் கிடக்கும். தாய்ப்பால் ஒருவேளை தவறினாலும் ஈடுகட்ட அங்கே என்ன இருந்தது?

மலேரியா வேறு. 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன், தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று அறியக் குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதே அந்தத் தோட்டத்தின் நோய் அளவு. மலைச்சரிவில் காட்டை வெட்டி வெயில் படவிட்டால், அங்குள்ள தெளிந்த ஓடைகளிலேயே ஒருவகைக் கொசு பெருகுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய்த் தெளிப்பும் பிறகு வந்தன. காதைத் தொட முடியாமல் திரும்பிப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் காய்ச்சலால் குறுகியவர்களோ!

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரை அவ்வளவாகத் தீண்டவில்லை. டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907இல் நூலாகவே எழுதினார். டாக்டர் பிளெட்சர் 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில்தான் நோய் கண்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தாய்க்கு இச்சத்துக் குறைந்தால் பால் குடிக்கும் சிசுவே இறக்கக்கூடும். நம் பாட்டிமார் பானையில் நெல் அவித்த பழக்கம் கடல் தாண்டி வந்து எத்தனையோ தொட்டில்களைக் காத்தது.

பால் பருவம் தாண்டிய பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் இருந்தன: பள்ளி ஒன்று, புல் பிடுங்கும் வேலை ஒன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று மலாய்க் கூட்டு மாநிலங்களில் வகை செய்தது. பள்ளி வைத்தார்கள், பல இடங்களில் காலையில் வேலை, பிற்பகலில் பாடம் என்றும் வைத்தார்கள். கூலியும் உடம்பின் அளவுப்படியே பிரிந்தது. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிள்ளைக்கு அதனினும் குறைவு. 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966இல்தான் வந்தது. இதற்கிடையில் ரப்பர் மரத்துக்கு இருந்த சலுகையைப் பாருங்கள்: அடிமரத்தின் சுற்றளவு 50 செ.மீ. ஆகும் முன் கத்தி வைக்கக்கூடாது, வைத்தால் வளர்ச்சி குன்றும் என்று எல்லாத் துரைமாரும் அறிந்திருந்தார்கள்.

1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. கிழங்கு வயிற்றை நிரப்பும். தசையையும் எலும்பையும் கட்டும் புரதம் அதில் மிகச் சொற்பம். 1943இல் உழைக்கும் ஆண்களைச் சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. ஊட்டம் குறைந்த பிள்ளைக்குப் பின்னர் நல்ல சாப்பாடு கிடைத்தால் உடல் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்த உயரத்தை முழுதும் மீட்பது கடினம். போர்க்காலத்தில் பிறந்தவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளைத்தான் கிழங்கில் கழித்தார்கள்.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். அதில் உணவுக் கட்டுப்பாடு வந்தபோது, மரம் சீவப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் எடுத்துச் செல்லத் தடை இருந்தது. வெயில் ஏறி, வேலிக்குள் திரும்பும்வரை பசிதான். அதே 1948இல் 12 வயது நிரம்பிய எல்லாருக்கும் அடையாள அட்டை என்ற முறையும் வந்தது. அட்டைக்கு வயது வேண்டும். பெரியவர்களுக்கு எங்கிருந்து வயது வரும்? "வெள்ளம் வந்த வருஷம்", "ஜப்பான்காரன் வரும்போது மூத்தவன் தவழ்ந்தான்" என்று சொன்னவற்றை எழுதுகிறவர் தம் கணக்கில் ஓர் எண்ணாக்கி எழுதினார். அந்த எண் அட்டையில் பதிந்து, அதன்பின் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

அது ஏன் முக்கியம்? 1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கியது. 55 வயதில் பணம் எடுக்கலாம் என்றது விதி. அட்டையில் ஐந்து வயது குறைத்து எழுதப்பட்டவர் அறுபது வயதுவரை மரத்தடியில் நின்றார். 1957இல் மலாயாவில் ஆண் குழந்தையின் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 56 வயதுக்கும் சற்றுக் குறைவு. இளமையைத் தாண்டியவர்கள் இதைவிட அதிகம் வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டிலும் பிறக்கும் ஆயிரத்தில் சுமார் 75 சிசுக்கள் ஓராண்டைக் காணவில்லை. அவைதாம் சராசரியை இழுத்துக் கீழே தள்ளின. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் குறைவு.

ஆனால் தொழிலாளியின் உடம்பு 55 வரை காத்திருப்பதில்லை. எலும்பின் கனம் முப்பது வயதை ஒட்டி உச்சம் கண்டு பிறகு மெல்லக் குறைகிறது. நாற்பதுக்கு மேல் விழியின் லென்சு இறுகி, கிட்டப் பார்வை மங்குகிறது. பால் மரம் சீவுவதோ, விடியற்கால அரையிருட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டும் இழைத்தெடுக்கும் வேலை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். காயத்துக்குத் தண்டலின் ஏச்சு. மூக்குக்கண்ணாடி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ ஏச்சு குறைந்திருக்கும். தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும், காண்டாக் கம்பில் இருபுறமும் வாளி சுமந்தும் வளைந்த முதுகை முதுமை இன்னும் வளைத்தது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்பதால், முதியவர்கள் மகன் அல்லது மகள் பெயரில் இருந்த வீட்டில் ஒண்டிக்கொண்டார்கள்.

2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகியிருக்கிறது. ஜொகூரில் ரப்பர் பெருமளவு செம்பனைக்கு இடம் விட்டுவிட்டது. நம் மக்களும் பள்ளிகள் பலவும் பட்டணத்தை ஒட்டி நகர்ந்துவிட்டன. பிள்ளைகள் கொழுகொழுவென்று தெரிகிறார்கள் என்று மகிழ்கிறோம். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்விலோ, ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை.

பத்திரம் இல்லாதவர்களும் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமைக்கோ தாமதப் பதிவுக்கோ சான்று தேடி, பழைய தோட்டப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டு எங்களிடம் வருகிறார்கள். செல்லரித்த அந்த ஏட்டைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம். அதில் பிறந்த தேதி என்ற பத்தியில், பலருக்கு ஜனவரி முதல் தேதி என்றே எழுதியிருக்கிறது.