நஷ்டம் யாருடையது?

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. படுவான்கரை வயல்களின் நெல்லே இப்பிரதேசத்தின் உயிர். மாரிமழை மிகுந்தால் ஆறுகள் வாவியை நிரப்பும். முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்திருந்தால், அதை வெட்டிவிட்டாலன்றி வெள்ளம் கடலுக்கு வடியாது. தேங்கிய நீர் பயிரை அழுகச் செய்யும்.

1957 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி தென்னந்தோப்புகளையும் வீடுகளையும் சாய்த்தது. 2011 ஜனவரியில் மீண்டும் வெள்ளம் பெரும்போக நெல்லை மூழ்கடித்தது. இத்தகைய அழிவுகளின் பின் நிவாரணம் பற்றிப் பேசுகிறோம். ஆனால் நஷ்டம் யாருடையது?

இப்பகுதியில் வழிவழியாக நிலம் போடியாருடையது, உழைப்பு வயற்காரனுடையது. விளைச்சலில் ஒரு பங்கே அவன் கூலி. பயிர் அழிந்தால் கூலியும் அழியும். சோற்றுக்கு வாங்கிய கடன் மட்டும் அழிவதில்லை.

1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரனுக்கு நிலையான உரிமை அளிக்க முனைந்தது. அதே ஆண்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய பயிர்க் காப்புறுதிக்கு 1961இல் தனிச் சட்டம் பிறந்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் தவறு. காப்புறுதி இழப்பை ஈடுசெய்யும். அந்த ஈடு எவர் கையைச் சேர வேண்டும் என்பதை உரிமைப் பதிவே காட்டும். ஏட்டில் பெயரில்லாத உழவனுக்கு எந்த நஷ்டஈடும் எட்டாக்கனியே.

ஆதலால், ஏக்கரை எண்ணிப் பணம் கொடுப்பதோடு அரசின் கடமை தீர்ந்துவிடாது. அந்த ஏக்கரில் சேறு மிதித்தவனையும் எண்ண வேண்டும். காணி உறுதியைப் பார்த்து வெள்ளம் வருவதில்லை. நிவாரணம் மட்டும் ஏன் அதைப் பார்த்து வரவேண்டும்?