வண்டியே வீடாக



படுக்கையும் அடுப்பும் தன்னகத்தே கொண்ட மோட்டார் வண்டியில் ஊர் ஊராகச் செல்வது இன்றைய இளைஞர்களின் பெருவிருப்பமாகிவிட்டது. ‘கேம்பர்வான்’ என்பது அதன் பெயர். 1885ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படையில் வைத்தியராயிருந்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் குதிரைகள் இழுக்கும் வீடொன்றைச் செய்வித்து உல்லாசப் பயணம் போனார். 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் வோக்ஸ்வாகன் வண்டிக்குள் படுக்கையும் அலுமாரியும் அமைத்தது. அதன் வரலாற்றை இவ்விடங்களிலிருந்தே தொடங்குவர். வன்னி நாட்டார் கேட்டால் சிரிப்பர்!

புளியங்குளத்திலிருந்து கிழக்கே முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது நெடுங்கேணி. இப்பகுதியினர் வைகாசி விசாகத்தையொட்டி வரும் திங்கட்கிழமையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு கூடார வண்டிலில் புறப்படுவர். வண்டிலுக்குள் வைக்கோல், அதன்மேல் பாய்; அரிசியும் பானையும் ஒரு மூலையில்; அடியிலே தொங்கும் லாந்தர். காட்டு வழியில் யானைக்கும் கரடிக்கும் அஞ்சிப் பல வண்டில்கள் சேர்ந்தே செல்லும். தங்குமிடத்தைத் தீர்மானித்தது தூரமன்று, தண்ணீரே. குளங்கண்ட இடத்தில் மாடுகளை அவிழ்த்து, கல் மூன்று வைத்துச் சமைத்து, வண்டிலிலேயே உறங்கினர். கேணியின் பெயரை ஊரே தாங்கி நிற்பதும் பொருத்தமானதன்றோ?

வெள்ளைத் துரைமாரும் இவ்வகைப் பயணத்துக்குத் தப்பவில்லை. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற்குப் பதவியேற்கச் சென்றார். புகையிரதப் பாதை அப்போது முழுமையாகவில்லை. அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டியிலேயே போனார். பெயர்தான் பெரிது, அது வெறும் மாட்டு வண்டி. தபால் மூட்டைகள் கீழே, பயணிகள் அவற்றின் மேலே! அவ்வாண்டிலேயே புகையிரதம் முழுப் பாதையிலும் ஓடத் தொடங்கியது. தபால் வண்டியின் காலம் முடிந்தது.

வண்டியே வீடான காலம் வன்னியில் மீண்டும் வந்தது, உல்லாசத்துக்காகவன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளின் போரில் மக்கள் கூரைத் தகடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றினர். மேலே தறப்பாள் கட்டி, அதன் கீழே சமைத்தனர், பிள்ளை பெற்றனர், நோயாளரைக் கிடத்தினர். தங்குமிடத்தை இம்முறை தீர்மானித்தது தண்ணீருமன்று, எறிகணையே. வண்டிகள் நகர்ந்த திசையோ பொங்கலுக்குச் சென்ற அதே கிழக்குத் திசை. வற்றாப்பளைக் கோயில் நந்திக்கடலின் ஒரு கரையில். முள்ளிவாய்க்கால் மறு பக்கத்தில். போர் முடிந்த 2009 மே 18ஆம் நாளும் வைகாசித் திங்கட்கிழமையாகவே அமைந்தது.

பொங்கல் இன்றும் நடைபெறுகிறது. கண்டி வீதியில் வரும் இளைஞர்கள் புளியங்குளத்தில் கிழக்கே திரும்பி, நெடுங்கேணிப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, அந்த நாளிலே வண்டிலை எங்கே அவிழ்ப்பீர்கள்?” என்று கேட்டுப் பார்க்கலாம். குளங்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடும். அவற்றின் கரைகளில் மருத மரநிழல் இன்னும் இருக்கிறது.