மூங்கில் தடியும் பூட்டிய அறையும்: நேர் பார்க்கும் கண்ணின் வரலாறு



நமக்குத் தூண்டில் என்றால் தங்கூசி, முள், ஈயக்குண்டு. குண்டை எறிந்தால் அது நூலை இழுத்துக்கொண்டு போகும். பிரித்தானியர் ஆற்று மீனுக்குப் பழகிய தூண்டில் வேறு மாதிரி. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பூச்சி செய்வார்கள். அந்த ஈக்குப் பாரமே கிடையாது. பாரம் நூலில்தான் இருக்கும். தடி பின்னால் வளைந்து முன்னால் நிமிரும் விசையில் நூல் பறக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டத்துரைமார் நுவரெலியா, ஹோர்டன் சமவெளி ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டதும் இந்தத் தூண்டிலுக்காகத்தான்.

இந்தத் தடியை ஒரே துண்டாகச் செய்வது அரிது. இரண்டு, மூன்று, நான்கு துண்டுகளைப் பூண் வைத்துப் பொருத்துவார்கள். நூல் ஓடுவதற்குத் தடி நெடுகச் சிறு வளையங்கள் இருக்கும். துண்டுகள் ஒன்றுக்கொன்று திரும்பி நின்றாலோ, ஒரு வளையம் வரிசையை விட்டு விலகினாலோ நூல் உரசும், எறி குறையும். ஆகவே தடி செய்வோரின் வரலாறு முழுவதும் ஒரே கேள்விதான்: எது நேர், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

1840களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஈஸ்டன் என்ற ஊரில், சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கித் தொழிலாளி இருந்தார். வயலினும் செய்வார். அவர் மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளை ஒட்டித் தடி செய்தார். பின்னர் மேய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் ஹைரம் லெனார்ட் ஆறு பிளாச்சுத் தடியைப் பெரிய தொழிலாக்கினார். ஒவ்வொரு பிளாச்சும் 60 பாகை முக்கோணம். ஆறும் சேர்ந்தால் அறுகோணம். மூங்கிலின் வலிமையான நார் தோலுக்கு அடியில் இருப்பதால் தோல் பக்கம் வெளியே வரும். கணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் அந்த இடம் பலவீனப்படும் என்பதால் அவற்றை முன்பின்னாகத் தள்ளி வைப்பார்கள்.

அறுகோணத்தில் ஒரு வசதி உண்டு. தடிக்கு ஆறு தட்டையான முகங்கள். ஒரு முகத்தைத் தெரிந்து எல்லாத் துண்டிலும் அதே வரிசையில் வளையங்களைப் பட்டு நூலால் கட்டினால் போதும். ஆனால் மூங்கில் சொன்னபடி கேட்காது. நெருப்பில் காட்டி நிமிர்த்தினாலும் சிறு வளைவு மிஞ்சும். அந்த வளைவு பக்கவாட்டில் வராமல் மேல் கீழாக வரும்படி முகத்தைத் தெரிவதுதான் கைப்பழக்கம்.

லெனார்ட் தன் பிளாச்சு வெட்டும் இயந்திரத்தைப் பூட்டிய அறையில் வைத்திருந்தார். அவரிடம் வேலை பழகியவர்கள் பிரிந்து போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோதே அந்த வித்தை வெளியே பரவியது.

மூங்கில் எங்கிருந்து வந்தது? முதலில் கல்கத்தா வழியாக வந்த மூங்கில். 20ஆம் நூற்றாண்டில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்து மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு வியாபாரிகள் வைத்த பெயர் டொன்கின். டொன்கின் என்பது வட வியட்நாம். மூங்கில் வளர்வதோ சீன மலைச்சரிவில். அதை வெட்டிச் சுமந்து, மணலால் தேய்த்துக் கழுவி அனுப்பியவர்களின் பெயர் எந்தத் தடியிலும் எழுதப்படவில்லை.

1950 டிசம்பரில், கொரிய யுத்தத்தின் நடுவே, அமெரிக்கா சீனாவுடனான வர்த்தகத்தைத் தடைசெய்தது. மூங்கில் நின்றது. அந்தத் தடைக்காலம் நம் நாட்டு வரலாற்றிலும் இருக்கிறது. சீனாவுக்கு இறப்பர் போகக்கூடாது என்ற நெருக்குதலை மீறி 1952இல் இலங்கை இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்கும் ஏற்பாடு. நம் மூத்தவர்கள் உண்ட அரிசியும் அமெரிக்கத் தொழிலாளி இழந்த மூங்கிலும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

மூங்கிலின் இடத்தைக் கண்ணாடி நார்த் தடி பிடித்தது. 1970களில் கார்பன் நார் வந்தது. நார்த்துணியை இரும்புக் கம்பியில் சுற்றிச் சூளையில் வேகவைத்து உருவும் உருண்டைக் குழாய் இது. முகமே இல்லை. அப்படியானால் மேல் எது, கீழ் எது? துணியின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும் பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். அதைத் தடியின் முதுகு என்பார்கள். அடியை வழுவழுப்பான மேசையில் ஊன்றி, நுனியைத் தாங்கி, நடுவை அழுத்தி உருட்டினால் தடி ஓரிடத்தில் தானாகத் துள்ளித் திரும்பும். அங்கே அடையாளம் வைப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக. முதுகுதான் முக்கியம் என்போர் ஒரு கட்சி. முதுகை விடு, கண்ணுக்கு எந்தப் பக்கம் நேரோ அதைப் பார் என்போர் மறு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை.

அதன்பிறகு செய்யும் வேலை இரு கட்சிக்கும் ஒன்றே. துண்டுகளைப் பொருத்தி, பூணின் இருபுறமும் புள்ளி வைத்து, வளையங்களை முதலில் ஒட்டுநாடாவால் ஒட்டுவார்கள். ஒன்பது அடித் தடிக்கு ஒன்பது பத்து வளையங்கள். பிறகு ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனிவரை வளையங்களுக்கு ஊடாகப் பார்ப்பார்கள். நூல் சுற்றிய பிறகு இன்னொரு தடவை. பசை பூசும் முன் கடைசித் தடவை. பசை இறுகினால் திருத்த வழியில்லை.

எவரெட் கரிசன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் தடியின் தடிப்பைக் கணக்குப் போட்டுச் செய்தவர். 1975இல் அவர் காலமானார். அவரிடம் கற்ற ஹோகி கார்மைக்கேல் அந்த வேலையை ஒவ்வொரு படியாக எழுதி 1977இல் நூலாக்கினார். பூட்டிய அறையில் இருந்த வித்தை அப்படித்தான் எல்லோர் கைக்கும் வந்தது. மூங்கில் தடி இன்றும் செய்யப்படுவதற்கு அந்த நூல் ஒரு பெரிய காரணம்.

நம்மிடமும் நேர் பார்க்கும் கண்கள் உண்டு. மருதமுனைத் தறியில் பாவு பூட்டுபவர், தோணிக்குப் பலகை பொருத்தும் ஓடாவி, பன்பாய் இழைக்கும் உம்மாமார். நாம் யாரும் அந்த அறையைப் பூட்டவில்லை; ஆனால் எழுதியும் வைக்கவில்லை. அவர்களோடு அந்தக் கணக்கும் போய்விடும்.

இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஊரிலுள்ள ஒரு மூத்த தொழிலாளியிடம் அனுப்புங்கள். "இது நேர் என்று எப்படித் தெரியும்?" என்ற ஒரு கேள்வி போதும். சொல்வதை அப்படியே எழுதட்டும். கொண்டுவந்தால் வகுப்பில் எல்லோருமாக வாசிப்போம், இன்ஷா அல்லாஹ்.