கணக்கில் ஏறாத வெஞ்சனம்

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் பணித்தனர். கோட்டை, கொத்தளம், ஹைதர் அலி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருக்கக் கூடும். பேகம்பூரில் அமர்ந்துகொண்டு அவற்றை எழுதாமல் விடுவது பிழையன்று. அவற்றை எழுதியோர் பலர். பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் பசியைப் பற்றிய கவிதைகள் எத்தனையோ வாசிக்கப்பட்டுள்ளன. பசித்த வயிற்றைப் பாடியிருக்கிறோம். அந்த வயிற்றுக்கு அன்று கிடைத்தது என்ன, அதை யார் எங்கிருந்து கொணர்ந்து எவ்வாறு ஆக்கினார் என்று கேட்டதில்லை. முந்தைய நாள் மிஞ்சியதையும் கொல்லையில் முளைத்ததையும் கொண்டு ஒரு வேளை உணவை உருவாக்கும் அறிவுக்கும் வரலாறு உண்டு. அதற்கான சான்றுகள் நாம் நாள்தோறும் கற்பிக்கும் நூல்களிலேயே கிடக்கின்றன.

நம் வட்டாரச் சொல் ஒன்றிலிருந்து தொடங்கலாம். மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதிகளில் சோற்றுக்குத் துணையாக அமையும் குழம்பு, கறி, துவையல் யாவும் ‘வெஞ்சனம்’ எனப்படும். ‘வியஞ்சனம்’ என்னும் வடசொல்லின் திரிபு அது. வடமொழி இலக்கணத்தில் அதே சொல் மெய்யெழுத்தையும் குறிக்கும் என்பது கவிஞர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். சோறு உயிர் என்றால் வெஞ்சனம் மெய்; ஒன்றின்றி மற்றொன்று சொல்லாகாது. “சோறு கெடக்கு, வெஞ்சனத்துக்குத்தான் வழியக் காணோம்” என்பது இவ்வூர் அடுக்களைகளில் தலைமுறைகளாகக் கேட்டுவரும் குரல். மழைமறைவுச் சமவெளியான இங்கே அந்தச் சோறும் நெடுங்காலம் சோளமாகவும் கம்பாகவும் சாமையாகவுமே இருந்தது. ‘நெல்லுச்சோறு’ என்று அடைகொடுத்துச் சொல்ல வேண்டிய தேவை அதனால்தான் எழுந்தது.

சங்கப் பாடல்களில் வறியோர் அடுக்களை

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம். அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, புறங்கூறும் அறிவிலிகள் கண்ணில் படாதவாறு கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். நல்லியக்கோடனின் கொடையை உயர்த்துவதற்காகப் புலவர் வரைந்த வறுமைச் சித்திரம் இது என்று உரையாசிரியர் வழிநின்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது மெய்யே. ஆயினும் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று நோக்கினால் காட்சி வேறாகத் தெரிகிறது. குப்பைமேட்டில் முளைத்த பல பூண்டுகளுள் எது உண்ணத்தக்கது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வேளை மழைக்குப்பின் தரிசிலும் தெருவோரத்திலும் தானே முளைப்பது. விதைப்பாரும் இல்லை, விற்பாரும் இல்லை. கதவை அடைத்தாலும் அவள் தனித்து உண்ணவில்லை. பெருஞ்சுற்றம் முழுவதும் உண்கிறது. கதவு ஊராருக்கு மூடப்பட்டது, உறவுக்கு மூடப்படவில்லை.

பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வீட்டு நிலையைச் சொல்லும் புறநானூற்று 159ஆம் பாடல் இதனினும் நுட்பமானது. முதிய தாய், பால் வற்றிய மார்பை மகவு சுவைக்க நிற்கும் மனைவி. அவள் குப்பைக்கீரையைக் கிள்ளுகிறாள். முன்பு கிள்ளிய கணுவிலேயே மீண்டும் துளிர்த்த, இன்னும் முற்றாத தளிர் அது என்கிறார் புலவர். இந்த ஓர் அடைமொழியை எண்ணிப் பாருங்கள். அதே செடியை அவள் நேற்றும் அதற்கு முன்னும் கிள்ளியிருக்கிறாள். வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் எடுத்தால் மறுபடி தழைக்கும் என்று அறிந்து கிள்ளியிருக்கிறாள். முற்றும்வரை காத்திருக்க இயலாத பசி இன்று. வறுமையின் நீளமும் அந்தப் பெண்ணின் பயிரறிவும் ஒரே தொடரில் அமைந்துவிட்டன. கீரையைக் கிள்ளும் கையை அருகிருந்து பார்த்தவரே இப்படி எழுத முடியும்.

இரு பாடல்களிலும் உப்பு இல்லை. பெருஞ்சித்திரனார் மோரும் இல்லை என்கிறார். இதை நான் தற்செயல் என்று கருதவில்லை. கீரை குப்பையில் கிடைக்கும், நீர் குளத்தில் கிடைக்கும், சுள்ளி வேலியில் கிடைக்கும். உப்பு மட்டும் நெய்தல் நிலத்திலிருந்து உமணர் வண்டியில் வர வேண்டியது. மாற்றுக்கொடுத்தே பெற வேண்டியது. பாரி மகளிரைப் பற்றிய கபிலர் பாடல் ஒன்றும் (புறம். 116) இங்கு நினைவுக்கு வருகிறது. பறம்பை இழந்த அப்பெண்கள் பீர்க்கும் சுரையும் படர்ந்த சிறு வீட்டருகே குப்பைமேட்டில் ஏறி நின்று, செல்லும் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். பறம்பு என்பது நத்தத்திற்குக் கிழக்கேயுள்ள பிரான்மலை என்பர். ஒரு காலத்தில் பகைவேந்தர் குதிரைகளை எண்ணியவர்கள் இப்போது உப்பு வண்டியை எண்ணுகிறார்களே என்பது கபிலரின் துயரம். காய் கூரைமேல் கிடக்கிறது, உப்போ தெருவில் போகிறது என்பது வறியோர் அடுக்களையின் நிலையான உண்மையும் ஆகும்.

வேளைக்கீரைக்கு முழுமையான பக்குவம் ஒன்று இருந்ததையும் சங்கப்பாடலே சொல்கிறது. பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயுமுன் பாடிய 246ஆம் பாடலில், கைம்மை நோன்பின் உணவாக வெள்ளெள் விழுதும் புளியும் சேர்த்து வேகவைத்த வேளை வருகிறது. அவள் வெறுத்து ஒதுக்கும் உணவு அது. ஆயினும் எள்ளும் புளியும் கூடிய அந்தப் பக்குவத்தோடு கிணைமகளின் உப்பற்ற கீரையை ஒப்பிட்டால், வறுமை ஒரு பண்டத்திலிருந்து எவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிடுகிறது என்பது விளங்கும்.

இளையான்குடியில் ஒரு மழையிரவு

கதவை அடைத்துக்கொண்டு உண்ட கீரை, சேக்கிழாரிடம் கதவைத் திறந்து படைக்கும் கீரையாகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார் வரலாற்றைச் சமய நோக்கில் பலரும் எழுதியிருப்பதால், சமைத்தவர் பக்கம் நின்று மட்டும் பார்க்கிறேன். செல்வம் கரைந்துபோன வீடு. மழை பெய்யும் நள்ளிரவில் விருந்தினர் ஒருவர் வருகிறார். வீட்டில் ஒரு மணி தானியம் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிவந்தால் ஆகும் என்று வழி சொல்பவர் மனைவியார். கணவர் இருட்டில் தடவிச் சென்று அள்ளி வருகிறார். விறகு இல்லை, கூரையின் வரிச்சு அறுக்கப்படுகிறது. ஈரநெல்லை வறுத்து, குற்றி அரிசியாக்கி, உலையேற்றுகிறார் அம்மையார். சோறு ஆயிற்று.

பிறகு எழுவது நம் வெஞ்சனக் கேள்விதான். கறிக்கு என்ன செய்வது? கொல்லையில் குழியளவுகூட நிரம்பாத சிறு கீரைப்பயிர் பறித்து வரப்படுகிறது. அந்த ஒரே கீரையை அம்மையார் வெவ்வேறு கறிகளாகச் சமைக்கிறார். அடியவரின் ஈகத்தைப் போற்றுவோர் விதைநெல்லைப் பேசுவார்கள்; வரிச்சைப் பேசுவார்கள். ஒரு கீரை பல கறியான இடத்தில் யாரும் நிற்பதில்லை. வேரும் தண்டும் இலையும் வேறுவேறு வேக்காடு கொள்வன. மசித்தால் ஒன்று, வதக்கினால் ஒன்று, புளியிட்டால் மற்றொன்று. இல்லாமையை விருந்தினர் உணராதபடி இலையில் பன்மை காட்டுவது ஒரு கலை. அந்த அம்மையாரின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. கிணைமகளுக்கும் பெயர் இல்லை, பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கும் இல்லை.

வனவாசக் கதையில் துருவாசரும் சீடர்களும் வந்து நிற்க, கழுவிய பாத்திரத்தில் ஒட்டியிருந்த கீரைத் துணுக்கைக் கண்ணன் உண்டு எல்லோர் பசியையும் ஆற்றினான் என்பர். அது தெய்வத்தால் ஆகும் செயல். பாரதியார் வீட்டில், சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த நிகழ்ச்சியைப் பாடாத கவியரங்கம் உண்டா? குருவிகள் பறந்துபோன பிறகு செல்லம்மாள் அன்றைக்கு என்ன சமைத்தார் என்று ஒரு கவிஞராவது எழுதியிருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அரசு எண்ணியது அரிசியை

தாது ஆண்டில் தொடங்கி 1878 வரை நீண்ட பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். தானியத்தின் அளவு போதாது என்பது மட்டுமன்று, பருப்பும் காய்கறியும் இல்லாத தானியம் உடலைக் காக்காது என்பதும் அவர் வாதம். ஆயிரக்கணக்கானோர் மெலிந்து மடிந்தபின் அதே ஆண்டில் அளவு உயர்த்தப்பட்டது. டிக்பி 1878இல் வெளியிட்ட இரு தொகுதிகளில் இந்த வழக்கு விரிவாக உள்ளது. எண்ணக்கூடியது தானியம், மற்றதை ஏழைகள் எப்படியேனும் தேடிக்கொள்வர் என்பதே டெம்பிளின் கணக்குக்கு அடியில் இருந்த எண்ணம். மழை பொய்த்த ஆண்டில் குப்பைக்கீரையும் முளைக்காது என்பது அந்தக் கணக்கில் இல்லை. சிக்கனத்தைப் புகழ்வோர் இதை மறக்கலாகாது. மிச்சம் என்பது முதலில் ஏதேனும் இருந்த வீட்டில்தான் உண்டாகும். பஞ்சம் ஓயும் 1878ஆம் ஆண்டிலேயே இம்மாகாணத்தில் உப்பு வரி உயர்த்தப்பட்டதையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு இராஜாஜி நடந்த நடையைப் படிக்கும்போதெல்லாம் உப்பில்லாக் கீரை வெந்த அந்தப் பழைய அடுப்பு என் நினைவுக்கு வருகிறது.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து நின்றது. மறுஆண்டு முதல் பங்கீடு வந்தது. 1952இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்து உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அறுபதுகளின் நடுவே மீண்டும் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற முழக்கம். 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி. நம் அரசியல் வரலாறே அரிசியின் வரலாறு என்று சொல்லத் தோன்றுகிறது. 2007இல் நியாயவிலைக் கடையில் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் வந்தது வெஞ்சனத்தின்பால் அரசு திருப்பிய பார்வை எனலாம். அதற்கு முன்பே, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பருப்பும் எண்ணெயும் காய்கறிச் செலவும் பதிவேட்டில் ஏறின. அந்த மையங்களின் அடுப்பை ஏற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவருள் கணவரை இழந்தோர் பலர். வேளைக்கீரையை நோன்புணவாக விதித்த சமூகத்தில், கைம்பெண் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊதியம் பெற்றுச் சமைப்பவரானார். இந்த மாற்றத்தின் பெருமையை நம் கவிதை இன்னும் போதிய அளவு பாடவில்லை.

பேகம்பூர் அடுப்புகள்

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்கும் இப்பகுதியில், ஒரே தெருவில் ஒரே பண்டத்துக்கு இரு பெயர் கேட்கலாம். ஒரு வீட்டில் குழம்பு என்பது அடுத்த வீட்டில் ஆணம். ரசம் புளியாணம் ஆகும். முஸ்லிம் வீட்டு விருந்தில் பரிமாறும் தால்ச்சாவை ஆடம்பரம் என்று எண்ணுவோர் உண்டு. அதன் உள்ளே இருப்பவற்றைப் பாருங்கள்: சதை எடுத்தபின் எஞ்சிய எலும்பு, கடலைப்பருப்பு அல்லது துவரை, கத்தரி, வாழைக்காய், மாங்காய். பிரியாணிக்குப் போன கறியின் மிச்சமே தால்ச்சாவுக்குச் சாறாகிறது. ரமலானில் பள்ளிவாசல்களின் நோன்புக்கஞ்சிக்கு அரசு அரிசி வழங்கி வருகிறது. பருப்பும் வெங்காயமும் கறியும் ஊரார் தருவது. இங்கும் அரிசி கணக்கில் நிற்கிறது, மற்றது கைகளில்.

என் மாணவியரிடம் வீட்டிலுள்ள மூத்தோர் சொல்லும் மிச்சச் சமையல் சொற்களைக் குறித்துவரச் சொல்லியிருந்தேன். நீராகாரம், பழையது, வடிகஞ்சி, சுண்டக்குழம்பு, பழங்குழம்பு என்பன எதிர்பார்த்தவை. இரண்டு நாள் குழம்புகளைக் கூட்டிச் சுண்டவைத்தால் புளிப்பும் காரமும் இறுகி வரும் சுவைக்குத் தனிப்பெயர் உண்டு என்பதே இது வறுமையின் கட்டாயம் மட்டுமன்று, விரும்பி உண்ட சுவையும் ஆகும் என்பதைக் காட்டும். பீர்க்கங்காயைக் கூட்டுக்கு நறுக்கிவிட்டுத் தோலைத் துவையலுக்கு எடுப்பது, அரிசி களைந்த இரண்டாம் நீரைப் புளி கரைக்க வைத்துக்கொள்வது, பலாக்கொட்டையைக் காயவைத்து முருங்கைக்கீரையோடு சேர்ப்பது, புளித்து மிஞ்சிய மாவைச் சின்ன வெங்காயம் தாளித்துப் பணியாரமாக ஊற்றுவது எனச் செய்முறைகளும் வந்தன. ஒன்றிலும் அளவு இல்லை. 1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ வெளியிட்டு ஆழாக்குக் கணக்கில் சமையலை எழுத்தாக்கினார், அது பெரும்பணி. மிச்சத்துக்கு அவ்வாறு அளவு எழுத இயலாது. நேற்று எவ்வளவு மிஞ்சும் என்று யார் சொல்ல முடியும்?

கீரைகளின் பட்டியலே நீண்டது. பண்ணை, தொய்யல், குமட்டி, சாரணை, முள்ளுக்கீரை, பருப்புக்கீரை எனச் சோளக்காட்டுக் களையெடுப்பில் கிடைத்தவற்றைக் கலந்து கடைவது கலவைக்கீரை. களைக்கொல்லி தெளிக்கும் காடுகளில் இவை இப்போது கிடைப்பதில்லை என்று மாணவியரின் பாட்டிமார் சொன்னதாகக் குறிப்புகளில் உள்ளது. வேளையை அடையாளம் காட்டச் சொன்னபோது கூடையோடு வந்த மூதாட்டி ஒருவர், எங்கள் கல்லூரிச் சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் வெள்ளைப் பூவோடு நின்ற செடிகளைக் காட்டினார். நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டு, “அடுத்த வாரம் இதே கணுவுல வரும், வந்து பாருங்க டீச்சர்” என்றார். முன்பு பெய்த மழையில் அவை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன.